பால்ட்ரூஸுக்கு விற்ற மாவு

பதானாவை எங்கள் ஊரில் ரொட்டிக்காரி என்றுதான் சொல்வார்கள், அவள் ரொட்டி சுடாத வருஷங்களிலும்கூட. நேமன் ஆற்றங்கரையில், சந்தைத் திடலுக்குப் பின்னால், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு அவளுடையது. என் அப்பா அந்த ஊர் ரபி, எங்கள் யூதர்களின் குரு. ஜனங்கள் சந்தேகம் கேட்க வரும் அறைக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவே ஒரு மரத்தடுப்புதான். குடலில் ஆணி கிடந்த கோழியைத் தின்னலாமா என்பதிலிருந்து புருஷன் பெண்டாட்டி சண்டை வரைக்கும் எல்லாம் எனக்குக் காதில் விழும். பதானாவின் கதையில் பாதி அந்தத் தடுப்பு வழியாகக் கேட்டது. மீதியைக் கண்ணால் பார்த்தேன்.

அவள் வெளியூர்க்காரி. பத்தொன்பது வயதில் ஸேலிக்கைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஸேலிக் மாவு பிசைவான், அவள் அடுப்பில் நிற்பாள். முழங்கைக்குக் கீழே எப்போதும் நெருப்புத் தழும்பு. பிசையும்போது ஸேலிக் பாடுவான், கொஞ்சமும் ராகம் நிற்காது. "இவரு பாட்டுக்குப் பயந்துதான் எங்க மாவு சீக்கிரம் பொங்குது" என்று வாங்க வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். விடியும்முன் தெருவெல்லாம் அந்த வாசனைதான்.

பதினாலாம் வருஷம் சண்டை தொடங்கிய முதல் வாரமே ஸேலிக்கை ரஷ்யப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் ரஷ்யாக்காரன் போய் ஜெர்மன்காரன் வந்தான். பித்தளைப் பாத்திரம், குதிரை, மாடு, தானியம், கதவுக் கைப்பிடி வரைக்கும் எழுதி எடுத்துக்கொண்டு போனான். மாவாலைக்குக் காவல் போட்டான். பதானாவின் அடுப்பு அணைந்தது. சீட்டுக்குக் கிடைத்த ரொட்டியில் மாவைவிட மரத்தூள்தான் அதிகம். அவள் ஜெர்மன் சிப்பாய்களின் துணி துவைத்து இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். மூத்தவள் ஃபிரேடாவுக்குப் பத்து வயது, சின்னவன் பெரெக்குக்கு நாலு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு. அந்தக் குளிர்காலத்தைப்போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. புளிப்பு எதுவும் ஆகாத எங்கள் பஸ்கா பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பதானா அப்பாவின் அறைக்கு வந்தாள். தலைத்துணியின் முனையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள். மேஜையில் அவிழ்த்துக் காட்டினாள். ஒரு பிடி ரை தானிய மாவு.

"ரபி, இத பாருங்க. இதுல பஸ்கா அப்பம் சுடலாமா?"

அப்பா ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் உருட்டினார், முகர்ந்தார்.

"எங்க கெடச்சதும்மா?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடியானவ கொடுத்தா. அரை மூட்டை. ஸேலிக்கோட கோட்டைக் கொடுத்து வாங்கினேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஆட்டுத்தோல் வைத்துத் தைத்த அந்தக் கோட்டை அவள் இரண்டரை வருஷமாக யாரையும் தொடவிடவில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

"அவ இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தா?"

"கரையோரம் பனிக்குள்ள பொதைச்சு."

"அதான். தண்ணி எறங்கியிருக்கு. கட்டி கட்டியா இருக்கு பாரு, புளிச்ச வாசனையும் வருது." அப்பா மெதுவாகச் சொன்னார்: "இது மாவு இல்ல பதானா. இது புளிப்பு. பஸ்கா எட்டு நாளும் இது உன் வீட்டுல உன்னுதா இருக்கக் கூடாது."

தடுப்புக்கு இந்தப் பக்கம் அம்மா உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்திவிட்டாள். 

"அதுக்கு முன்னால சாப்பிட்டுடலாம்ல" என்றார் அப்பா.

"தினம் ஒரு பிடி போட்டுக் காச்சினா ஜூன் மாசம் வரைக்கும் வரும்னு கணக்குப் போட்டிருக்கேன் ரபி. மூணு வாரத்துல தின்னுட்டா அப்புறம் என்ன தின்றது?"

"சரி. எல்லாரும் சொல்ற மாதிரி, 'இது எனக்குச் சொந்தமில்ல, மண்ணு தூசிக்குச் சமம்'னு சொல்லி விட்டுடலாம். ஆனா அப்படி விட்டத பஸ்கா முடிஞ்சு திரும்ப எடுத்துக்க முடியாது. எடுத்துக்கலாம்னு மனசுல வெச்சிக்கிட்டுச் சொன்னா அது சொன்னதே ஆகாது."

"வாயால சொல்லிடுவேன். மனசு எப்படிச் சொல்லும்? ராத்திரி கனவுலகூட அந்த மூட்டைதான் வருது. அது தூசின்னா, என் பிள்ளைங்க என்ன?"

 அப்பா மிச்சமிருந்த ஒரே வழியைச் சொன்னார். "அப்போ வித்துடு. வருஷா வருஷம் ஊர்ப் புளிப்பையெல்லாம் பால்ட்ரூஸுக்கு வித்துப் பத்திரம் எழுதறேனே, அதுல உன்னோடதையும் சேர்த்துடறேன். பஸ்கா முடிஞ்ச அன்னிக்கே திரும்ப உன் கைக்கு வந்துடும்."

"அவன் வந்து எடுத்துக்கிட்டா?"

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவர் கடைசிவரை தன்னை மன்னிக்கவில்லை. "பத்தொன்பது வருஷமா வாங்கறான். மதுக்கடைக்காரர் பீப்பாயைக்கூட வாங்கியிருக்கான். ஒரு சொட்டு வாயில வெச்சதில்ல."

பால்ட்ரூஸ் ஊர்க் குளியல்கூடத்துக்கு அடுப்பெரிப்பவன், லிதுவேனியக்காரன், கத்தோலிக்கன்; யூதனில்லாததால் புளிப்பு வைத்துக்கொள்ள அவனுக்குத் தடையில்லை. ஓய்வுநாளில் நாங்கள் நெருப்பைத் தொடமாட்டோம் என்பதால் எங்கள் வீட்டுக் கணப்புகளையும் அவன்தான் பற்றவைப்பான். அதிகம் பேசமாட்டான். ஜெர்மன்காரன் அவனுடைய பசுவையும் ஓட்டிக்கொண்டு போயிருந்தான்.

பஸ்காவுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமையாக விழுந்தது. அதனால் வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் வீடுவீடாகப் புளிப்புத் தேட வேண்டும். மெழுகுவத்திக்குப் பஞ்சம். எங்கள் வீட்டில் தேடி முடித்த துண்டை அம்மா என் கையில் கொடுத்து, பதானா வீட்டுக்கு அனுப்பினாள். எனக்கு அப்போது பதினாறு வயது.

ரொட்டிக்கடை வீட்டில் தேடுவது என்றால் லேசா? பிசையும் தொட்டியின் இடுக்கு, பலகை, சல்லடைச் சட்டம், தரைப்பலகைகளின் சந்து என்று பதானா முட்டிபோட்டுக்கொண்டே போனாள். ஒரு கையில் மெழுகுவத்தி, ஒரு கையில் துகளைக் கூட்ட வாத்திறகு. ஃபிரேடா அதை ஏந்த மரக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கரண்டியையே பார்த்தபடி பெரெக். ஆனால் தேடக் கிடைத்தால்தானே? அந்த வீட்டில் விழுந்த துகளையெல்லாம் பிள்ளைகள் எப்போதோ நக்கி எடுத்திருந்தார்கள். வழக்கத்துக்காகப் பதானாவே சீட்டு ரொட்டியைப் பத்துத் துண்டாக்கி அங்கங்கே வைத்திருந்தாள். பத்தையும் கண்டெடுத்ததும் பெரெக் கேட்டான்:

"அம்மா, கண்டுபிடிச்சதை யாரு சாப்பிடணும்?"

காலைவரை சாப்பிடத் தடையில்லை. ஒன்பதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, எரிக்க ஒன்றை மட்டும் முடிந்து வைத்தாள். பெரிய அடுப்புக்குக் கீழே சாம்பல் அள்ளும் குழி ஒன்று உண்டு. அங்கே அவள் மெழுகுவத்தியைக் காட்டவில்லை என்பதைக் கவனித்தேன். சாம்பலில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"புளிப்பை விடற வார்த்தைய ஏட்டு பாஷையில வேணாம், நம்ம பாஷையில சொல்லு. புரியாம சொன்னா செல்லாதுன்னு உங்கப்பா சொல்லுவாரு" என்றாள்.

நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். "என் வசத்தில் இருந்து, நான் காணாமலும் அகற்றாமலும் விட்ட புளிப்பெல்லாம் இல்லாமல் போகட்டும். மண்ணின் தூசியைப்போல யாருக்கும் சொந்தமில்லாமல் ஆகட்டும்." 'காணாமலும்' என்ற இடத்தில் தொண்டையைக் கனைத்தாள். புகையினால் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அப்பா பத்திரத்தைப் படித்துக் காட்டினார். பால்ட்ரூஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான். அந்த வருஷம் பட்டியல் சின்னது. யாரிடம் என்ன இருந்தது? காலி பீப்பாய், சட்டியில் ஒட்டின காடி, அரைப் போத்தல் தானிய மது. "ஸேலிக்கின் மனைவி பதானா: ரை மாவு, அரை மூட்டை, அவள் சரக்கறையில்" என்று படித்தபோது பால்ட்ரூஸ் தலையை நிமிர்த்தினான். அப்பா கவனிக்கவில்லை. வழக்கம்போல, "சாவி அவங்கவங்ககிட்ட இருக்கு. நீ எப்ப வேணா போய் உன்னுதை எடுத்துக்கலாம்" என்றார். பால்ட்ரூஸ் முன்பணத்தை மேஜையில் வைத்தான். இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் பஸ்காவின் முதல் இரண்டு நாளும் பட்டினி நாளாகத்தான் போயின. தலைக்கு இரண்டு அப்பம் என்று ஊர் யூத சபை கொடுத்தது. வேறு வழியில்லாமல், வழக்கமாக விலக்கும் பயறு வகைகளை அப்பா அந்த ஒரு வருஷத்துக்கு அனுமதித்திருந்தார், பயறு கிடைத்தவர்களுக்கு. பதானா வீட்டில் குளிரில் உறைந்து இனித்துப்போன கிழங்கு. பெரெக் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தான். காலும் முகமும் வீங்கியிருந்தன.

இரண்டாம் நாள்தான் கத்தோலிக்கர்களுக்கு ஈஸ்டர். திங்கட்கிழமை காலை பால்ட்ரூஸ் எங்கள் வீட்டுக்கு வந்தான். முன்வாசலில் வராமல், கணப்பு பற்றவைக்க வருகிறவனாக, சமையலறை வழியாகவே வந்தான். அம்மாவைப் பார்க்காமல் நேரே அப்பா அறைக்குள் போனான்.

"ரபி, ரொட்டிக்காரி வீட்டு மாவை எடுத்துக்கப் போறேன். ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அப்பா முதலில் புரிந்துகொள்ளவில்லை. "எந்த மாவு?"

"நான் வாங்கின மாவு."

"பால்ட்ரூஸ்... பஸ்கா இன்னும் முடியல. முடிஞ்சதும்..."

"முடிஞ்சதும் திரும்ப வித்துடுவேன்னு நெனக்கிறீங்க. இந்த வருஷம் விக்கல ரபி." அவன் குரல் உயரவே இல்லை. "ஈஸ்டர் அன்னிக்கு என் வீட்டுல ஒரு துண்டு ரொட்டி இல்ல. பைபிள் மேல சத்தியமா சொல்றேன், பிள்ளைங்க ஓட்டுக்கூரை பாசியத் தின்னுச்சுங்க."

"பதானாவும் ரெண்டு பிள்ளைய வெச்சிக்கிட்டு இருக்கா."

"தெரியும். அவ வீட்டுக் கணப்ப நான்தானே பத்தவைக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தினான். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. அந்தப் பத்திரம் பொய்யா? பொய்யின்னா சொல்லுங்க, இப்படியே வீட்டுக்குப் போறேன். ஆனா பொய்யின்னா, பத்தொன்பது வருஷமா இந்த ஊரு பஸ்கா முடிஞ்சு தின்னதெல்லாம் ஒங்க வேதம் தடுத்த ரொட்டிதான். நெசம்னா மாவு என்னுது."

நான் தடுப்பின் இடுக்கு வழியாக அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். எழுபது கட்டு ஏடு படித்த மனிதர். 

"நெசம்தான்" என்றார் கடைசியில். "மாவு உன்னுது."

எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். "வா, நானும் வரேன். அவகிட்ட நீயா போய்க் கேக்க வேணாம்." நானும் கூடவே ஓடினேன். பனி உருகித் தெருவெல்லாம் முழங்கால் சேறு. பால்ட்ரூஸ் ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஜெர்மன்காரன் கண்ணில் படாமல் மறைக்க, அதில் கொஞ்சம் சுள்ளி. பாதி வழியில் அப்பா கேட்டார்: "ஒரு பானையாவது அவளுக்கு விட்டுட்டுப் போகக் கூடாதா?"

"என்கிட்ட கேக்காதீங்க ரபி. நீங்க கேட்டா கொடுத்துடுவேன். கொடுத்துட்டா நான் வீட்டுக்குப் போக முடியாது."



பதானா துவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். எங்கள் மூன்று பேரையும் வண்டியையும் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா வாயைத் திறந்தார்.

"சொல்ல வேணாம் ரபி" என்றாள். ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள். பால்ட்ரூஸைப் பார்த்துக் கேட்டாள்: "ஒனக்குப் பிள்ளைங்க அஞ்சுல்ல?"

"நாலு" என்றான். "கைக்குழந்தை புதன்கிழமை போயிடுச்சு."

அவள் கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

சத்தம் போட்டது ஃபிரேடாதான். மூட்டை சரக்கறையிலிருந்து வெளியே வந்ததும் அந்தப் பெண் பாய்ந்து அதைக் கட்டிக்கொண்டாள். "எங்கப்பா கோட்டு! இது எங்கப்பா கோட்டு! திருடா! அடுப்பெரிக்கிற திருடா!" பால்ட்ரூஸின் மணிக்கட்டைக் கடித்தாள், ரத்தம் வந்தது. அவன் கையை உதறவில்லை, அவள் விடும்வரை நின்றான். பதானா மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். "விடுடி. அவரு வாங்கினது. விடு." மூட்டை வண்டியேறியது, மேலே சுள்ளி ஏறியது. அவன் போனதும், பதானா பிழிந்த துணியையே மறுபடியும் பிழியத் தொடங்கினாள்.

அன்று அப்பா வீடுவீடாகப் போனார். ஒரு முட்டை, மூன்று கிழங்கு, ஒரு கை பயறு கிடைத்தது. அதைப் பதானா வீட்டில் கொடுத்துவிட்டு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "பத்தொன்பது வருஷமா வியாபாரம் பண்ணேனா, கூத்துக் கட்டினேனா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"கூத்துன்னா அவன் இன்னிக்கு வெறுங்கையோட போயிருப்பான்" என்றாள் அம்மா. "எந்திரிச்சு வாயில ஏதாவது போடுங்க. நீங்க பட்டினி கெடந்தா அந்தப் பிள்ளைக்கு வீக்கம் வத்துமா?"

புதன்கிழமை பெரெக்குக்குக் கண் செருகத் தொடங்கியது. ஊர் வைத்தியர் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "மருந்து எதுக்கு? இது பசி. சூடா கஞ்சி, நாளைக்கு நாலு வேளை. இல்லாட்டி ஞாயித்துக்கிழமையைப் பாக்க மாட்டான்." சொல்லிவிட்டு, கூலி கேட்காமல் போனார். கஞ்சிக்கு ஊரில் எதுவும் இல்லை. ஈஸ்டர் வாரம் முழுக்க ஜெர்மன்காரன் ரொட்டிச் சீட்டுக் கடையைத் திறக்கவில்லை.

மத்தியானம் பதானா வந்தாள். அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே சொன்னாள்:

"ரபி, என்கிட்ட மாவு இருக்கு."

அப்பா ஏட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"ஒரு பானை. விக்கறதுக்கு முன்னால எடுத்து அடுப்புச் சாம்பலுக்கு அடியில வெச்சேன். பட்டியல்ல அரை மூட்டைன்னு உங்ககிட்ட சொன்னேனே, அதுல இது இல்ல. விடற வார்த்தையையும் சொன்னேன். இத மனசுல வெச்சிக்கிட்டேதான் சொன்னேன். காலையில எரிக்கறப்பவும் சொன்னேன். ரெண்டு தரம் பொய் சொன்னேன்." மூச்சு வாங்கினாள். "பஸ்கா பூரா புளிப்பு என் வீட்டுல என் சொத்தா இருக்கு. அது தெரிஞ்சுதான் என் பிள்ளைய எடுத்துக்கறாரு. ஆண்டவன் என்கிட்ட வசூல் பண்றாரு."

"பையன் மூச்சு விடறானா?"

"விடறான்."

"அப்ப இங்க என்ன பேச்சு? போ. ஓடு. அதப் போட்டுக் கஞ்சி காச்சு."

"பஸ்காவுல? புளிப்பையா? அதுவும் பொய் சொல்லி வெச்ச புளிப்ப?"

அப்பா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "உயிர் போகுதுன்னா பஸ்கா இல்ல! ஓய்வுநாள் இல்ல! ஒண்ணும் இல்ல! நீ பண்ணது தப்பு. அதுக்கு அப்புறம் வந்து என்கிட்ட அழு, நான் உக்காந்து கேக்கறேன். இப்ப கஞ்சி காச்சலன்னா அதுதான் பாவம். அந்தப் பாவத்துக்கு என்கிட்ட மருந்து கெடையாது!"

அவள் அசையவில்லை.  அப்போதுதான் அம்மா தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். "அடியே, நட" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ரபியின் மனைவி, பஸ்கா நடுவில், தன் கையாலேயே சாம்பலைக் கிளறிப் பானையை எடுத்து, புளித்த மாவைக் கரைத்து அடுப்பில் வைத்தாள். துடுப்பால் துழாவிக்கொண்டே அழுதாளாம். மரக்கரண்டியால் துளித்துளியாகப் பெரெக் வாயில் விட்டபோது முதல் இரண்டு கரண்டி வெளியே வழிந்துவிட்டது. மூன்றாவதை விழுங்கினான்.

அன்றும் மறுநாளும் பதானா பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொரு வேளையும் "இது தப்பா, இது தப்பா" என்று அம்மாவைக் கேட்டபடியே ஊட்டினாள். தான் ஒரு துளி நக்கவில்லை. "ஒனக்கும்தானே கால் வீங்கியிருக்கு" என்று அம்மா சொன்னதற்கு, "எனக்கு உயிர் இருக்கு" என்றாள். ஃபிரேடாவுக்கும் கொடுக்கச் சொல்லி அப்பா ஆள் அனுப்பினார். அவளுக்கும் கொடுத்தாள். சனிக்கிழமை, பஸ்காவின் கடைசி நாள், பெரெக் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதானா பானையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். அடியில் நாலைந்து பிடி மாவு மிச்சம்.

"ஆபத்து போயிடுச்சு ரபி. பையன் நடக்கறான். பஸ்காவைத் தாண்டி வெச்சிருந்த புளிப்பு எந்த யூதனுக்கும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். இத எரிச்சுடுங்க."

"இப்படிப் பட்டினி கெடந்த பிள்ளைக்கு நாலு நாள் கஞ்சியில ஆபத்து போயிடாது" என்றார் அப்பா. "அறுவடை வரைக்கும் ஆபத்துதான். நான் சொல்றேன், எடுத்துட்டுப் போ."

"எனக்காகச் சட்டத்த வளைக்காதீங்க."

"எனக்குச் சொல்லிக்கொடுக்கறியா?"

"நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க, மனசுல இல்லாதத வாயால சொன்னா செல்லாதுன்னு? ஆபத்து இருக்குன்னு உங்க மனசு சொல்லுதா, இல்ல என்னைப் பாத்துப் பாவமா இருக்கா?"

அப்பா தடுமாறினார். நிஜமாகவே தடுமாறினார், எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் பசியில் காய்ந்த முகத்தோடு அந்தப் பானைக்கு மேல் நின்று வாதாடினார்கள். ஏட்டில் எந்தப் பக்கம், யார் என்ன சொன்னார் என்று அப்பா சொல்ல, அவள் தலையை ஆட்டி மறுக்க, அம்மா வந்து பானையைப் பிடுங்கினாள்.

"அந்தப் பிள்ளையோட கையப் பாத்தீங்களா ரெண்டு பேரும்? தொடப்பக்குச்சி. ஆபத்து போச்சாம்! வைத்தியர்கிட்ட கேப்போம். அவரு போச்சுன்னு சொன்னா நானே கொண்டுபோய் ஆத்துல கொட்டறேன்."

ஆபத்து இன்னும் போகவில்லை என்றார் வைத்தியர். மாவு பெரெக் வயிற்றுக்குத்தான் போனது, கடைசிப் பிடி வரைக்கும். பதானா அதற்கப்புறம் ஒரு மாதம் வாரம் இரண்டு நாள் உபவாசம் இருக்கிறேன் என்று வேண்டிக்கொள்ள வந்தாள். அப்பா தடுத்துவிட்டார். "நீ ரெண்டு வருஷமா உபவாசம்தான் இருக்க. ஆண்டவருக்குக் கணக்குத் தெரியும்." ஆனால் அவள் அந்தப் பொய்யை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருவில் அம்மா எதிர்ப்பட்டால் பல மாதம் தலைகுனிந்தே போனாள். கேலி, சிரிப்பு எல்லாம் நின்றுவிட்டது.

மே மாதம் கஞ்சித் தொட்டி ஒன்றைச் சபை திறந்தது. அதில் ஊர் கொஞ்சம் மூச்சு விட்டது. பத்திரப்படி மாவின் மீதி விலையைப் பால்ட்ரூஸ் கொடுக்க வேண்டும். அப்பா கேட்கவில்லை. இலையுதிர்காலத்தில் ஒருநாள் அவனே பதானா வீட்டுப் பின்வாசலில் மூன்று மூட்டை உருளைக்கிழங்கை இறக்கினான். ஃபிரேடா கதவைச் சாத்தினாள். பதானா திறந்து வாங்கிக்கொண்டாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

மறுவருஷப் பஸ்காவுக்கு முன், தொழுகைக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பால்ட்ரூஸுக்கு விற்கவே கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். குடிகாரக் குதிரைக்காரன் ஒருவனைப் பேசி வைத்திருந்தார்கள். என்ன வாங்கினோம் என்பதே அவனுக்குச் சாயங்காலம் நினைவிருக்காது. அப்பா என்ன செய்வது என்று தெரியாமல் தாடியை நீவிக்கொண்டிருந்தார். பெண்கள் பகுதித் திரைக்குப் பின்னாலிருந்து பதானாவின் குரல் வந்தது. அங்கே ஒரு பெண் வாயைத் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வாங்கினா வாங்கினதுதான்னு நெனக்கிறவன்கிட்ட வித்தாத்தானே அது விக்கிறது? குடிகாரன்கிட்ட வித்தா, ஒளிச்சு வெச்சதுதான். எனக்கு ஒளிச்சு வெச்சுப் பழக்கம் உண்டு. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

 யாருடைய மாவு, யாருடைய பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியும். அப்பா எழுந்து, பால்ட்ரூஸையே அழைத்து வரச் சொன்னார். அவன் வர மறுத்தான். இரண்டாம் தடவை அப்பாவே நேரில் போய்க் கூப்பிட, வந்து கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக் கோடு போட்டான். அந்த எட்டு நாளும் ஊரில் ஒருவர்கூட நிம்மதியாகத் தூங்கவில்லை. அவன் எதையும் எடுக்க வரவில்லை.

ஜெர்மன்காரன் போனதும் ஊரில் நாலைந்து கொடி மாறி மாறி ஏறியது. பதானா அடுப்பை மறுபடி மூட்டினாள். ஃபிரேடா பிசைந்தாள், பெரெக் விறகு பிளந்தான். ஸேலிக்கைப் பற்றி மட்டும் ஒரு சேதியும் இல்லை. செத்ததற்குச் சாட்சி இல்லாத வரைக்கும் அவள் விதவை இல்லை, மறுமணம் கிடையாது. அப்பா ஆறு வருஷம் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். கடைசியில் மின்ஸ்க்கில் ஒரு தையல்காரன் கிடைத்தான். ஸேலிக்கும் தானும் ஒரே கொட்டகையில் காய்ச்சலோடு கிடந்ததாகவும், தன் கையாலேயே அவன் கண்ணை மூடினதாகவும் சாட்சி எழுதி அனுப்பினான். நாள் போட்டிருந்தது: பதினைந்தாம் வருஷம் நவம்பர். அவள் கோட்டைக் கொடுத்தபோது அவன் செத்து ஒன்றேகால் வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

கடிதத்தை அப்பா படித்துக் காட்ட, அவள் உட்கார்ந்து கேட்டாள். சாவுச் சேதி முப்பது நாள் கடந்து வந்ததால் ஏழு நாள் துக்கம் இருக்க வேண்டியதில்லை, ஒரு மணி நேரம் போதும் என்றார் அப்பா. அந்த ஒரு மணி நேரமும் எங்கள் சமையலறைத் தரையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அவளுக்குத் தடையில்லை. பக்கத்து ஊர்த் தோல் வியாபாரி ஒருவன், மனைவியை இழந்தவன், நல்ல மனிதன், ஆள் விட்டுக் கேட்டான். அம்மாதான் தூது போனாள். பதானா ரொட்டித் துடுப்பைக் கையிலிருந்து வைக்காமலேயே பதில் சொன்னாள்:

"காலையில மூணு மணிக்கு எந்திரிக்கணும் ரபியம்மா. நான் எந்திரிக்கிறதே பெரும் பாடு. இன்னொருத்தரையும் யாரு எழுப்பறது?"

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.